சி டிரைவில் பதினான்கு ஜிபி காலி

பழைய சிஸ்டத்தில் சி டிரைவ் நிரம்பிவிட்டால் என்ன செய்வது என்று ஒரு குறிப்பு எழுதித் தரும்படி எங்கள் கம்ப்யூட்டர் சர்வீஸ் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் இளையவர்கள் கேட்டார்கள். திருநகரில் நான் கடை போட்டு இருபத்திரண்டு வருடமாகிறது. இந்த வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன் என்று பெருமையடித்துத் திரிந்தவன். கண்ணை மூடிக்கொண்டு செய்ததில் என்ன ஆனது என்பதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். படித்து முடித்தபின் இந்த ஆள் முகத்திலேயே விழிக்க வேண்டாம் என்று யாருக்காவது தோன்றினால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

1. முப்பது ஜிபி கொடுத்தவன் நான்தான்

வீரணன் அண்ணன் நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு சின்ன ஊர்க்காரர். அடுத்தவர் வயலில் கூலிக்குப் போய், பிறகு குத்தகைக்கு எடுத்து, கடைசியில் ஒன்றரை ஏக்கர் சொந்தமாக வாங்கியவர். அவர் மகள் தேன்மொழி கல்லூரியில் சேர்ந்த வருடம் என் கடைக்கு வந்தார்.

"தம்பி, புள்ள படிக்க ஒரு கம்ப்யூட்டர் வேணும். புதுசெல்லாம் நமக்குக் கட்டாது. பழசுலயே உருப்படியா ஒண்ணு பாத்துக் குடுங்க" என்றார்.

கடையில் கிடந்த பாகங்களைப் பொறுக்கி ஒரு சிஸ்டம் அசெம்பிள் செய்தேன். ஹார்ட் டிஸ்க் நூற்று அறுபது ஜிபி. அப்போது எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. டிஸ்க்கை மூன்றாக வெட்டுவோம். சி-க்குக் கொஞ்சம், டி-க்கும் ஈ-க்கும் மிச்சம். விண்டோஸ் படுத்துக்கொண்டால் சி-யை மட்டும் ஃபார்மட் அடித்துவிட்டு, "ஒங்க டேட்டா எல்லாம் டி-ல பத்திரமா இருக்கு" என்று சொல்லி, ஒரு மணி நேரத்தில் அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடலாம். வாடிக்கையாளரின் வசதிக்காகத்தான் இப்படி என்று சொல்லிக்கொள்வோம். உண்மையில் அது எங்கள் வசதி.

சி-க்கு முப்பது ஜிபி கொடுத்தேன். எக்ஸ்பி காலத்தில் அது தாராளம். ஆனால் நான் போட்டது விண்டோஸ் செவன். அது வருடா வருடம் உடம்பு போடும் ஜாதி. அது தெரிந்தும் கை பழகிய அளவிலேயே வெட்டினேன்.

தேன்மொழிக்கு அன்று பதினேழு வயது. "பாப்பா, எல்லாத்தையும் டி-ல வை. டெஸ்க்டாப்புல வச்சா அது சி-லதான் போய் உக்காரும்" என்று சொல்லிக்கொடுத்தேன். 'எல்லாம் டி-யில்' என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது அந்தப் பெண். வீரணனுக்கு நான் தம்பி, அவர் மகளுக்கு நான் அண்ணன். மதுரைப் பக்கம் இந்த முறை யாருக்கும் இடிக்காது.

2. காதில் பாதி விழுந்த போன்

ஒன்பது வருடம் கழித்து அதே பெண் பல்கலைக்கழகத்தில் பி.எச்.டி. பண்ணிக்கொண்டிருந்தது. அந்த ஊரில் அவ்வளவு தூரம் படித்தவர்கள் வேறு யாரும் இல்லை. செங்கல் சூளையில் வேலை செய்யும் பெண்களைப் பற்றிய ஆய்வு. தேன்மொழியின் அம்மா பஞ்சவர்ணம் மதினியே கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் சூளையில் கல் அறுத்தவர். அம்மாவைக் கூட்டிக்கொண்டே சூளை சூளையாகப் போய், பெண்களைப் பேசவைத்து, மொபைலில் பதிவு செய்து, வீட்டுக்கு வந்து சிஸ்டத்தில் ஏற்றி, ஒவ்வொன்றாகக் கேட்டுத் தட்டச்சு செய்துகொண்டிருந்தது. மொபைலிலும் இடம் கிடையாது என்பதால், ஏற்றிய பிறகு மொபைலில் இருந்ததை அழித்துவிடும். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

ஒரு சனிக்கிழமை காலை திருப்பரங்குன்றம் ரயில்வே கேட் அருகே வண்டியில் நிற்கும்போது போன் வந்தது.

"அண்ணே, தேன்மொழி பேசுறேன். சி டிரைவ் செவப்புக் கோடா காட்டுது. எதையும் சேவ் பண்ண விட மாட்டேங்குது. லோ டிஸ்க் ஸ்பேஸ்ண்டு வந்துக்கிட்டே இருக்கு."

"இன்னைக்கே வாரேன் பாப்பா."

"நான் யுனிவர்சிட்டி போறேண்ணே, அம்மா இருப்பாங்க. டெஸ்க்டாப்புல ஆய்வுண்டு ஒரு ஃபோல்டர் இருக்கு. அத மொதல்ல..."

கேட் திறந்துவிட்டது. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடிக்கத் தொடங்கினார்கள்.

"எல்லாம் வந்து பாத்துக்கிறேன், நீ கெளம்பு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

'அத மொதல்ல பேக்கப் எடுங்க' என்பதுதான் அந்தப் பிள்ளை சொல்ல வந்தது. எனக்கு அது முழுசாக விழவில்லை என்று பல நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். இந்தத் தொழிலில் இருபது வருடம் இருக்கிறவனுக்கு 'மொதல்ல' என்று கேட்டதும் மிச்ச வார்த்தை என்ன என்று தெரியாதா?

3. வேலை சுத்தம்

நான் போனபோது வீட்டில் மதினி மட்டும் இருந்தார். நீர்மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

இளையவர்கள் கேட்ட தொழில்நுட்ப விஷயம் இங்கேதான் வருகிறது. சி நிரம்பினால் முதலில் டெம்ப் ஃபைல்கள். பிறகு டிஸ்க் கிளீனப். பிறகு பழைய அப்டேட்டுகள், ரெஸ்டோர் பாயின்ட்டுகள். ஹைபர்னேஷனை நிறுத்தினால் ராம் அளவுக்கு ஒரு பெரிய ஃபைல் காலியாகும். பழைய சிஸ்டத்தில் ஹைபர்னேட் போட்டு யார் என்ன செய்யப்போகிறார்கள்? இவ்வளவும் செய்ததில் எனக்கு ஐந்து ஜிபி கிடைத்தது. ஐந்து போதும். அன்றைக்கு அந்தச் சிவப்புக் கோட்டுக்கு அதுவே மருந்து. அத்தோடு எழுந்து வந்திருந்தால் இந்தக் குறிப்பும் இதோடு முடிந்திருக்கும்.

ஆனால் எனக்கு ஒரு கெட்ட புத்தி. கோடு நன்றாக நீலமாகக் காட்ட வேண்டும். வீட்டுக்காரர்கள் பார்த்து, "அண்ணன் கை வச்சா தனிதாம்ப்பா" என்று சொல்ல வேண்டும். டெஸ்க்டாப்பைப் பார்த்தேன். 'ஆய்வு' என்ற ஃபோல்டர், ஒன்பது ஜிபி. டி டிரைவைத் திறந்தேன். அங்கேயும் 'ஆய்வு' என்று ஒரு ஃபோல்டர். உள்ளே போனேன். இரண்டிலும் முதல் சில ஃபைல்களின் பெயர் அச்சு அசல் ஒன்று.

'அட, டி-ல ஏற்கெனவே இருக்கே. சொன்னபடி புள்ள டி-ல காப்பி எடுத்து வச்சிருக்கு. டெஸ்க்டாப்புல இருக்கிறது சும்மா டபுள்' என்று நானே முடிவு கட்டினேன்.

ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ் பார்த்திருந்தால் டி-யில் இருப்பதன் அளவு தெரிந்திருக்கும். அதற்குப் பத்து விநாடி ஆகும். அன்று எனக்குத் திருமங்கலத்தில் இன்னொரு சர்வீஸ் கால் இருந்தது. ரீசைக்கிள் பின்னுக்கு அனுப்பினால் அதுவும் சி-யிலேயேதான் கிடக்கும், இடம் மிஞ்சாது. அதனால் ஷிஃப்டை அமுக்கிக்கொண்டு டெலிட் அடித்தேன். 'நிச்சயமாக அழிக்கவா' என்று கேட்டது. மிஷினுக்கு இருந்த நிதானம்கூட எனக்கு இல்லை.

சி டிரைவில் பதினான்கு ஜிபி காலி. கோடு நீலமாகிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் புது ஆன்டிவைரஸ் ஒன்றை இன்ஸ்டால் செய்து, டிஸ்க்கில் சிதறிக் கிடப்பதை இடம் மாற்றி அடுக்கும் டிஃப்ராக்கையும் ஓடவிட்டேன். ஃபைல் அழிந்த டிரைவில் அதன்மேல் எதையும் எழுதக்கூடாது என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. நான் அழித்ததோடு நிற்காமல் அந்த இடத்தை உழுது, மேலே வேறு விதைக்கவும் செய்துவிட்டு, "மதினி, இது அதுபாட்டுக்கு ஓடும். முடிஞ்சதும் தானா நிக்கும். நான் வாரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

சாயங்காலம் தேன்மொழியிடமிருந்து போன்.

"அண்ணே, டெஸ்க்டாப்புல இருந்த ஃபோல்டரக் காணோமே?"

"டி-ல இருக்கு பாரு பாப்பா."

"டி-ல இருக்கிறது ரெண்டு வருசத்துக்கு முன்னாடி எடுத்த காப்பிண்ணே. அதுக்கப்புறம் அவசரத்துல டெஸ்க்டாப்புலயே சேத்துக்கிட்டு வந்துட்டேன். அதுல ஆறு பேரு பேசுனது மட்டுந்தான் இருக்கு. டெஸ்க்டாப்புல நாப்பத்தி மூணு பேரு. என் மூணாவது சாப்டரும் அதுலதாண்ணே."

"சிஸ்டத்த ஆஃப் பண்ணு. யாரும் தொடாதீங்க. காலைல வாரேன்" என்றேன். அப்போதே, "நான்தான் அழிச்சுட்டேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. நாளைக்கு மீட்டுக் கொடுத்துவிட்டால் சொல்லவே தேவையிருக்காது என்று ஒரு நப்பாசை.

4. பழுது: வைரஸ்

ஞாயிற்றுக்கிழமை வீடு நிறைய ஆள். வீரணன் அண்ணன், மதினி, தேன்மொழி, அவளுக்கு மூத்தவன் அழகர். அழகர் மினி வேன் ஓட்டுகிறவன். தங்கச்சி படிப்பில் பெருமை உண்டு, அதே அளவு பயமும் உண்டு.

டிஸ்க்கைக் கழற்றி என் லேப்டாப்பில் மாட்டி ரெக்கவரி சாஃப்ட்வேர் ஓட்டினேன். ஒன்றரை மணி நேரம் ஓடியது. கடைசியில் ஃபைல்களின் பெயர்கள் வரிசையாக வந்தன. தேன்மொழி முகம் மலர்ந்துவிட்டது. பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தாள். ஒவ்வொரு பெயரும் ஒரு பெண்ணின் பெயர். ஒன்றைத் திறந்தேன். திறக்கவில்லை. இன்னொன்று. இரைச்சல்கூட இல்லை. டிஃப்ராக் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது. பெயர் மட்டும் இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை.

அழகர் கேட்டான். "எப்பிடிண்ணே இது? நேத்து வரைக்கும் இருந்தது எப்பிடிப் போகும்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த வீட்டில் எனக்கு 'இன்ஜினியர்' என்று பெயர். நான் ஐ.டி.ஐ. முடித்தவன்; திருத்தியதில்லை.

எங்கள் தொழிலில் எல்லாக் குற்றத்தையும் சுமக்க ஒரு ஆள் உண்டு. வைரஸ். மதர்போர்டில் காப்பி கொட்டியது நாமாக இருந்தாலும் வைரஸ்தான். அதற்கு வீடு வாசல் கிடையாது, வந்து எதிர்த்துப் பேசாது, யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைப்போம். நானும் அதைத்தான் சொன்னேன்.

"வைரஸ் தம்பி. வெளிப் பென்டிரைவ் ஏதாவது போட்டிருப்பாங்க. அது வழியா வந்து தின்னுட்டுப் போயிருச்சு."

மானிட்டருக்குப் பக்கத்தில் ஒரு நீலநிறப் பென்டிரைவ் கிடந்தது. நான் அதைப் பார்த்துச் சொல்லவில்லை. சத்தியமாக அது என் கண்ணில் படவே இல்லை. அழகர் கண்ணில் பட்டது.

"இது யாருது?"

"எங்க டிபார்ட்மென்ட் சீனியர் ஒருத்தரோடது" என்றாள் தேன்மொழி.

"ஒருத்தருண்டா?"

"கார்த்திக்னு ஒரு சீனியர். பேக்கப் எடுக்க இரவல் வாங்குனேன். எட்டு ஜிபிதான், எடம் பத்தல. அதனாலதான் அண்ணனுக்கே போன் பண்ணேன்."

"ஒரு ஆம்பளப் பயகிட்ட இரவல் வாங்குற அளவுக்குப் பழக்கமா? எம்புட்டு நாளா நடக்குது இது?"

வீரணன் அண்ணன் மகளை நிமிர்ந்து பார்த்தார். மதினி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். பறிபோன ஆய்வை அந்த நொடியோடு அந்த வீடு மறந்துவிட்டது. பேச்சு வேறு திசைக்குப் போய்விட்டது. அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை, எதையோ எதிர்பார்த்து. நான் கீழே குனிந்து ஒயர்களைச் சுருட்டினேன்.

"அண்ணே, எழுதிக் குடுங்க" என்றான் அழகர்.

சர்வீஸ் ஸ்லிப் புத்தகத்தை எடுத்தேன். கார்பன் வைத்த புத்தகம். மேல் தாள் வாடிக்கையாளருக்கு, அடித் தாள் கடைக்கு. 'பழுது' என்ற கட்டத்தில் 'வைரஸ் – வெளிப் பென்டிரைவ் மூலம்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, கடை சீலும் குத்திக் கொடுத்தேன். எழுத்து கொஞ்சமும் கோணவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது அதிக வெட்கமாக இருக்கிறது.

5. நன்றி சொல்ல வந்தவர்

அதன்பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. நாகமலையிலிருந்து யார் கூப்பிட்டாலும் வேறு ஆளின் நம்பரைக் கொடுத்துவிடுவேன். ஃபைல் போனது போனதுதான், பிள்ளை திரும்பத் தட்டச்சு செய்துகொள்ளும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பேச்சைத் திரும்பத் தட்டச்சு செய்ய முடியாது என்பது தெரியாத மாதிரி.

இரண்டு மாதம் கழித்து வீரணன் அண்ணன் கடைக்கு வந்தார். வெள்ளை வேட்டி, கையில் மஞ்சள் பை. பையிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்து நீட்டினார்.

"தம்பி, தேனுக்குப் பேசி முடிச்சாச்சு. வர்ற முகூர்த்தத்துல பூ வைக்கிறோம். குடும்பத்தோட வந்துரணும்."

"படிப்புண்ணே?"

"அத நிறுத்தியாச்சு. போதும். ரெண்டு மாசமா யுனிவர்சிட்டி பக்கம் விடல." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒங்களுக்குத்தான் தம்பி நான் கடமப்பட்டிருக்கேன். அன்னைக்கு நீங்க மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லலேண்டா எங்களுக்கு என்ன தெரியும்? நாங்க படிக்காத சனம். புள்ள யாருகூடப் பழகுது, என்ன கொண்டாருதுண்டு பாக்கத் தெரியுமா? பெரிய அவமானத்துலருந்து காப்பாத்துனீக."

அந்தக் கை மண்வெட்டி பிடித்துக் காய்ப்பேறிய கை. என் கையை விடவே இல்லை. எனக்கு அங்கேயே தரை பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது. டீ சொல்லட்டுமா என்றுகூட நான் கேட்கவில்லை. அவர் போனபிறகு அரை நாள் கடையைத் திறந்து வைத்துக்கொண்டே ஒரு வேலையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நன்றி சொல்லிவிட்டார்.

6. மறுநாள் காலை

மறுநாள் காலை எட்டு மணிக்கே போனேன். எல்லோரும் இருக்கும் நேரம் பார்த்துத்தான் போனேன். தனியாக யாரிடமாவது சொல்லிவிட்டு நழுவும் வழியை எனக்கு நானே வைத்துக்கொள்ளக் கூடாது என்று.

உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை. "வைரஸ் எதுவும் வரலண்ணே. நான்தான் அழிச்சேன். டி-ல இருக்கிறதும் அதுவும் ஒண்ணுண்டு நெனச்சு, திறந்துகூடப் பாக்காம அழிச்சுட்டேன். பேரு கெட்டுப்போகுமேண்டு பென்டிரைவ்ண்டு பொய் சொன்னேன். அந்தப் பென்டிரைவுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. பாப்பா மேல ஒரு தப்பும் இல்ல" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். இத்தனைக்கும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். பார்த்ததில் பாதிதான் வந்தது.

அழகர் என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது. அவன் பர்ஸைத் திறந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தான். என் ஸ்லிப். சீல் மை கசிந்திருந்தது. அதைப் பிரித்துப் படித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"இத பர்ஸுல வச்சுக்கிட்டு நான் அந்த ஆளோட ஹாஸ்டல் வாசல்ல போய்ச் சண்ட போட்டுட்டு வந்தேண்ணே. இன்ஜினியரு எழுதிக் குடுத்துருக்காருண்டு காட்டுனேன்" என்றான்.

மதினிதான் விட்டு விளாசினார். "எம் புள்ள ரெண்டு மாசமா எங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசலய்யா. சோறு போட்டா திங்குது, தட்டக் கழுவி வச்சுட்டுப் போகுது. நான் சூளைல வெந்தது அதுவும் வேகக் கூடாதுண்டுதான் படிக்க வச்சேன். ஒம்ம பேரக் காப்பாத்த எம் புள்ளதான் கெடச்சுதா? ஒமக்கும் பொட்டப்புள்ள இருக்குல்ல?"

இருக்கிறது.

வீரணன் அண்ணன் ஒன்றே ஒன்று சொன்னார். "நேத்து ஒங்க கையப் பிடிச்சேனே தம்பி. அப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்ல."

தேன்மொழி கதவோரம் நின்றிருந்தாள். அவள் பக்கம் திரும்பி, "என்னய மன்னிச்சுரு பாப்பா" என்றேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்ணே" என்றாள்.

வீடே திரும்பிப் பார்த்தது.

"வைரஸ் வந்தா டி-ல இருக்கிற அதே பேரு ஃபோல்டர விட்டுட்டு, டெஸ்க்டாப்புல இருக்கிறத மட்டும் பொறுக்கி எடுத்தா அழிக்கும்? நீங்க கெளம்பிப் போன நேரத்துக்குச் சரியா? அன்னைக்கே புரிஞ்சிருச்சு. நீங்களே சொல்லுவீங்கண்டு ஒங்களப் பாத்துக்கிட்டே நின்னேன். நீங்க ஒயரச் சுத்துனீங்க."

"நீயாச்சும் சொல்லியிருக்கலாம்ல தாயி" என்றார் வீரணன் அண்ணன்.

"நான் சொன்னா நம்பியிருப்பீங்களாப்பா? அவரு சீல் குத்திக் குடுத்துட்டாரு."

வீரணன் அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தார். அந்தப் பெண் அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. அழவில்லை. நேராக என்னிடம் வந்தாள்.

"ஸ்லிப் புக்கு கொண்டாந்திருக்கீங்களாண்ணே?"

வண்டியின் பெட்டியில் இருந்தது. எடுத்துக்கொண்டு வந்தேன்.

"இந்த மாசத்துக்குள்ள எக்ஸ்டென்ஷனுக்கு எழுதிக் குடுக்கலேண்டா என் பதிவையே ரத்து பண்ணிருவாங்க. டேட்டா போனதுக்கு ஆதாரம் வேணும். உண்மைய எழுதிக் குடுங்க. சீலோட."

புத்தகத்தைப் பிரித்து, கார்பனைச் சரிசெய்து, மேசையில் வைத்தேன். இருபத்திரண்டு வருடமாக அந்தப் 'பழுது' கட்டத்தில் எத்தனையோ எழுதியிருக்கிறேன். எஸ்.எம்.பி.எஸ்., ராம், வைரஸ், வோல்டேஜ். அன்று என் பெயரை முழுசாக எழுதி, 'இவருடைய கவனக்குறைவால் ஆய்வுத் தரவுகள் அழிக்கப்பட்டன. வைரஸோ பென்டிரைவோ காரணம் அல்ல' என்று எழுதினேன். இந்த முறை எழுத்து கோணிக்கொண்டு போனது. அவள் வாங்கிப் படித்துவிட்டு, "இன்னொண்ணும் எழுதிக் குடுங்க. அந்த சீனியருக்கு எங்கண்ணன் கொண்டுபோய்க் குடுக்கணும்" என்றாள். அழகர் தலையாட்டினான்.

7. பதினோரு பேர்

பூ வைப்பது நின்றது. மாப்பிள்ளை வீட்டில் வீரணன் அண்ணனே போய்ப் பேசினார். அந்த வீட்டார் பேசிய பேச்சையும் அவரே வாங்கிக்கொண்டார். பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் கூடுதல் தந்தார்கள். நான் என் கையிருப்பிலிருந்த நல்ல டிஸ்க் ஒன்றைப் போட்டு, அதை வெட்டாமல் ஒரே டிரைவாக வைத்து, பேக்கப்புக்குத் தனி டிஸ்க்கும் கொடுத்தேன். தேன்மொழி வாங்கிக்கொண்டாள். 'அண்ணே' என்றுதான் இப்போதும் கூப்பிடுகிறாள். ஆனால் நான் மானிட்டர் முன்னால் உட்கார்ந்தால் எழுந்து போவதில்லை. பக்கத்திலேயே நின்று, நான் எந்த பட்டனை அமுக்குகிறேன் என்று பார்க்கிறாள். அது எனக்கு வேண்டியதுதான்.

இளையவர்களுக்குச் சொல்ல வேண்டியது. சி நிரம்பினால் டெம்ப்பை அழியுங்கள், அப்டேட்டை அழியுங்கள். மனிதர்கள் பெயர் வைத்த எதையும், அந்த மனிதர் பக்கத்தில் இல்லாமல் அழிக்காதீர்கள். ஒரே பெயரில் இரண்டு இருந்தால் இரண்டும் வேறு என்றே வைத்துக்கொள்ளுங்கள். தவறிப்போய் அழித்துவிட்டால் உடனே கையை எடுத்துவிடுங்கள். டிரைவின் மேலும் எதையும் எழுத வேண்டாம், ஸ்லிப்பின் மேலும் பொய்யை எழுத வேண்டாம். நாம் சும்மா எழுதிவிட்டு வரும் ஒரு வார்த்தை அந்த வீட்டில் யார் தலையில் போய் விடியும் என்று நமக்குத் தெரியாது.

தேன்மொழியும் மதினியும் மறுபடி சூளை சூளையாகப் போனார்கள். சில நாள் நானே வண்டியில் கொண்டுபோய் விட்டேன். காணாமல் போனது முப்பத்தேழு பேரின் பேச்சு. அதில் இருபத்தாறு பேரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மிச்சம் பதினோரு பேர். சூளை வேலைக்காரர்கள் ஒரு இடத்தில் நிலையாக இருக்கிறவர்கள் இல்லை. யார் எந்த ஊருக்குப் போனார்கள் என்று மேஸ்திரிகளுக்கே தெரியவில்லை. ஒருவர் இறந்துபோயிருந்தார்.

ஒரு நாள் வண்டியில் திரும்பி வரும்போது, அந்தப் பதினோரு பேரும் என்னதான் பேசியிருந்தார்கள் என்று தேன்மொழியிடம் கேட்டேன்.

"நீங்க திறந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்ணே" என்றாள்.